வேம்படித்துறையில் சிக்னல் இல்லை

வேம்படித்துறைக்கு டவர் வராமலே போன் வந்துவிட்டது. கரைக்கு எதிரே உள்ள தீவுகளில் பவளப்பாறை இருக்கிறது, அங்கே இரும்புத் தூண் நடக்கூடாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். டவரே வேண்டாம், போனே டவர் என்றார்கள். நீங்கள் பேசுவதை உங்கள் போன் பக்கத்து வீட்டுப் போனிடம் கொடுக்கும். அது அடுத்ததிடம் கொடுக்கும். கரையில் கிளம்பிய பேச்சு வீட்டுக்கு வீடு, வள்ளத்துக்கு வள்ளம் தாவி, நடுக்கடலில் வலை இழுப்பவன் காதில் போய் விழும். வலையில் ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறதல்லவா, அந்த மாதிரி. அதனால் ஊரில் அதைக் கண்ணி போன் என்றார்கள். கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருந்தது; அது யார் வாயிலும் நுழையவில்லை.

முதல் வருஷம் அந்தப் போனை வைத்து நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. அடுப்பில் கொதிக்கிற குழம்பைக் கடலில் இருக்கும் புருஷனுக்குக் காட்டி, "நீங்க வாரதுக்குள்ள தீந்துரும், பாத்துக்கிடுங்க" என்று வம்பு இழுத்த பெண்கள் உண்டு. மாதா கோயில் பெருநாள் பூசையை வள்ளத்தில் முழங்காலில் இருந்து கேட்டவர்கள் உண்டு. மீனவர் சங்கத்தில் இருந்த வயர்லெஸ் பெட்டி இனி எதற்கு என்று துணி போட்டு மூடினார்கள். கொஞ்ச நாளில் அந்தத் துணியையும் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் வருஷம் சிக்னல் குறைய ஆரம்பித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்து போகும். கூப்பிட்டால் மணி அடிக்காது. ஏன் என்பதில்தான் ஊரில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. காலையில் மீன் ஏலம் முடிந்ததும் ஏலக்கொட்டகையிலேயே அடுத்த ஏலம் ஆரம்பித்துவிடும். யார் சொல்லும் காரணம் உசத்தி என்று.

"எல்லாம் இந்த ரப்பர் உறையாலதான். போனுக்கு மூச்சு முட்டுது. கழத்திப் போட்டுப் பாருங்க" என்பாள் மீன் வியாபாரி லூர்தம்மாள்.

"ஒங்க போன் உறை இல்லாமத்தானே கெடக்கு சித்தி? அது மட்டும் என்ன வாழுதாம்?" என்பாள் கிளாடிஸ். அவள் சங்கத் தலைவர் ராயப்பனின் பெண்சாதி. யாருக்கும் பதில் வைத்திருப்பவள்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"அப்பம் காலையில எதுக்கு அந்தக் கத்து கத்துனிய?"

"அது என் மருமவனைப் பாத்துக் கத்துனது. அதுக்கு போன் எதுக்கு?"

கிளாடிஸின் கட்சி உப்புக்காற்றுக் கட்சி. சார்ஜ் போடும் ஓட்டைக்குள் உப்பு படிந்துவிட்டது, அரிசிப் பானைக்குள் ஒருநாள் புதைத்து வைத்தால் சரியாகிவிடும் என்பாள். ராயப்பன், கம்பெனி ஏதோ புது அப்டேட் விட்டதிலிருந்துதான் இந்தக் கேடு, பழையபடி மாற்றச் சொல்லி மனுப் போட வேண்டும் என்பார். இடது கையில் பிடித்தால் வராது, வலது கையில் பிடித்தால் வரும் என்று ஒரு கூட்டம். மொட்டை மாடியில் பித்தளைக் குடத்துக்குள் போனை நிறுத்தி வைத்தால் குடம் சிக்னலை இழுத்துக் கொடுக்கும் என்று சொன்னவள் பிரகாசி.

இந்த எல்லா வைத்தியத்தையும் ஒன்றுவிடாமல் செய்து பார்த்த ஒருத்தி ஊரில் இருந்தாள். அவள் ஜெசிந்தா. தூத்துக்குடித் துறைமுக ஆபீசில் வேலை பார்த்தவர் மகள். கடலைப் பார்த்து வளர்ந்தவள், ஆனால் கடல் பிழைப்பு தெரியாதவள். வேம்படித்துறை ரெமிஜியூஸைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல், இந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் அது அனுபவத்தில் சொல்வதாக இருக்கும் என்று நம்பினாள். உறையைக் கழற்றினாள். அரிசியில் புதைத்தாள். பிரகாசி தன் வீட்டுக் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்து கொடுக்க, மாடியில் அதை வைத்து, அதற்குள் போனை நிறுத்தி, பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்தாள்.

பிரகாசி யார் என்று சொல்ல வேண்டும். ரெமியின் அண்ணன் இஞ்ஞாசியின் பெண்சாதி. ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடு. ஜெசிந்தாவுக்குக் கணவாய் மீனை மைப்பை உடையாமல் கழுவச் சொல்லிக் கொடுத்தவள். அவளுக்குக் கரு கலைந்தபோது ஒரு வாரம் தன் வீட்டில் உலை வைக்காமல் இங்கேயே கிடந்தவள். ஜெசிந்தா அவளை அக்கா என்று கூப்பிடுவதில் ஒரு பொய்யும் இல்லை.

இன்னொரு சங்கதி. ஜெசிந்தாவின் போனும் ரெமியின் போனும் எப்போதும் சூடாகவே இருந்தன. சும்மா வைத்தாலும் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். காலையில் போட்ட சார்ஜ் மத்தியானத்துக்கு நிற்காது.

"என் போன் மட்டும் ஏன் இப்படிச் சுடுது?" என்று ரெமி ஒருநாள் கேட்டான்.

"ஒனக்குக் கை சூடு தம்பி" என்று பிரகாசி சிரித்தாள். "எதுக்கும் கூட ஒரு பாட்டரி கொண்டு போ. அணைச்சு மட்டும் வச்சிராத. இவ கெடந்து தவிப்பா."

மாசி மாதம் ரெமியும் அவனோடு தொழிலுக்குப் போகும் ததேயுவும் தங்கலுக்குக் கிளம்பினார்கள். இரண்டு இரவு கடலிலேயே தங்கிப் பிடித்து மூன்றாம் நாள் கரை திரும்புவதற்குத் தங்கல் என்று பெயர். இஞ்ஞாசியும் அதே விடியலில் தன் வள்ளத்தில் போனான். வழக்கம்போல ரெமி கொஞ்சம் கரைப்பக்கம், இஞ்ஞாசி அவனைத் தாண்டி ஆழத்தில்.

மூன்றாம் நாள் காலை ஜெசிந்தா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"ஜெசி, எஞ்சின் நின்னு போச்சு. நேத்தே நின்னுட்டு. அப்பம் புடிச்சுக் கூப்பிடுதேன், இப்பந்தான் கெடச்சுது. நீரோட்டம் வெளிய இழுத்துட்டுப் போவுது. எடம் சொல்லுதேன், எழுதிக்க. யார்ட்டயாவது சொல்லி..."

அவ்வளவுதான். மாசியில் நீரோட்டம் கிளம்பினால் ஆளில்லாத பக்கமாகவே கொண்டுபோகும், பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது அவளுக்கே தெரியும். வள்ளத்தில் இருந்த தண்ணீர் இரண்டு இரவுக்கு எடுத்துப்போனது.

அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். போன் ஒன்றும் சொல்லவில்லை. கடலோரக் காவலுக்குச் சங்கத்து ஆபீசிலிருந்து தகவல் போனது. அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். எந்த இடம் என்று சொல்லுங்கள் அம்மா, கடல் பெரிசு என்றார்கள்.

"எடம் தெரியாம எங்கன போய்த் தேட?" என்றார் ராயப்பன். "சிக்னல் வரட்டும். திரும்பக் கூப்பிடுவான். நீ போனைச் சரியா வச்சிக்க."

போனைச் சரியாக வைப்பதற்குத்தான் ஊரே வந்துவிட்டதே. கிளாடிஸ் அரிசிப் பானை என்றாள். லூர்தம்மாள் தன் முந்தானையால் போனைத் துடைத்து, சிம்மைக் கழற்றி ஊதிப் போட்டாள். கோயில் மணிமேடையில் ஏறிப் பிடி என்று ஒருவர். பிரகாசி குடத்தைப் புளி போட்டுத் துலக்கியே கொண்டு வந்தாள். "மங்கிப் போயிருந்துச்சுட்டி, அதான் இழுக்கல. இப்பம் வச்சுப் பாரு."

"அக்கா, பெரியத்தான் கூப்பிட்டாவளா? அவிய கண்ணுல பட்டிருப்பாவளா?"

"எனக்கும் சிக்னல் இல்லட்டி. ஒனக்கு இருந்தாத்தானே எனக்கு."

அந்த வார்த்தை ஜெசிந்தாவின் மனதில் எங்கோ தட்டியது. ஆனால் நின்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. போனில்தான் கோளாறு என்றால் போன் தெரிந்தவர்களிடம் போவோம் என்று பஸ் ஏறினாள்.

டவுன் பஸ் ஸ்டாண்டில் ஷீபா என்ற பெண் கண்ணி போன் கடை வைத்திருந்தாள். கொஞ்சம் சதை பிடித்த பெண். பேசிக்கொண்டே பொரிகடலை தின்பவள். போனை வாங்கி ஒரு வயரில் மாட்டித் திரையைப் பார்த்தாள்.

"இதுல பழுது ஒண்ணும் இல்லையே. நல்லா தெறந்து கெடக்கு."

"தெறந்துன்னா?"

"ஒங்க போன் மத்தவங்க பேச்சைக் கடத்துது. அதான் சூடு. ஊருக்கே ஒங்க போன்தான் சுமக்குது போல. இன்னும் மூடலியா நீங்க?"

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. ஷீபா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொரிகடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"இங்க பாருங்க அக்கா. இந்தப் போன் பேச்சைக் கடத்தணும்னா, பக்கத்துல எந்த வள்ளம் எங்கன நிக்குதுன்னு அதுக்குத் தெரியணும். தெரிஞ்சதைப் பச்சைப் புள்ளியாத் திரையில காட்டும். கம்பெனிக்காரன் வசதின்னு நெனச்சுக் குடுத்துட்டான். கடல்காரங்களுக்கு அது வசதியா? எவன் எந்தப் பாருல மீன் பிடிக்கான்னு எல்லாவனுக்கும் தெரிஞ்சு போச்சு. ஒருத்தன் வந்து கேட்டான், புள்ளி தெரியாம பண்ண முடியுமான்னு. பண்ணிக் குடுத்தேன். மூடினா போன் சூடாகாது, சார்ஜ் நிக்கும், ஒங்க பேச்சும் முன்னவிட நல்லா போவும். ஆனா அடுத்தவன் பேச்சு ஒங்க வழியாப் போவாது. நீங்க அங்கன இருக்கதே அவன் போனுக்குத் தெரியாது. கூப்பிட முடியாது. ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் வழி விடும், வீட்டு நம்பருக்கு."

பார் என்றால் கடலுக்கு அடியில் மீன் அடையும் பாறைத்திட்டு. அதைக் கண்டுபிடித்தவன் சாகும்வரை வாய் திறக்க மாட்டான். வடக்கே போய் வந்தவன் கரையில் நின்று தெற்கே போனேன் என்பான். அண்ணன் தம்பிக்குச் சொல்வதில்லை. இது அந்தக் கடற்கரையில் யாரும் தப்பாக நினைக்காத ஒரு பழக்கம்.

"ஆபத்துன்னு கூப்பிட்டாலும் போவாதா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"கம்பெனி போட்ட பூட்டா இருந்தா போவும். இது நாங்க கடையில போடுத பூட்டு."

"எத்தன பேரு எங்க ஊர்ல?"

"ஆரு போடலன்னு கேளுங்க. ஒவ்வொருத்தரும் தனியா வருவாங்க. ஊர்ல சொல்லிராதட்டி, எல்லாரும் மூடிட்டா நமக்கு லாபம் இல்லன்னுட்டுப் போவாங்க. சங்கத் தலைவர் வந்தாரு. மீன்கார அம்மா ஒண்ணு, மருமவன் போனுக்குச் சேத்து. ஒங்க காம்பவுண்டுலயே இன்னொரு அக்கா, நெத்தியில தழும்பு இருக்கும்..."

பிரகாசிக்கு நெற்றியில் தழும்பு உண்டு.

"அவங்கதான் வெவரமாக் கேட்டாங்க. எல்லாரும் மூடிட்டா என் வீட்டுக்காரர் பேச்சு எப்படிக் கரைக்கு வரும்னு. இடையில ஒரு போன் தெறந்திருந்தாப் போதும்னேன். கடல்ல ஒண்ணு, கரையில ஒண்ணு. சிரிச்சாங்க. அது இருக்கு, நான் பாத்துக்கிடுதேன்னாங்க."

ஷீபா அதற்குமேல் என்ன சொன்னாள் என்று ஜெசிந்தா கேட்கவில்லை. குடம் கொண்டுவந்தது, புளி போட்டுத் துலக்கியது, "அணைச்சு மட்டும் வச்சிராத" என்றது, ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றது. இஞ்ஞாசி ஆழத்தில், ரெமி நடுவில், அவள் கரையில். ஊர் மூடிக்கொண்டதிலிருந்து அக்கா வீட்டுப் பேச்சு இவர்கள் இரண்டு பேரின் தலையில் ஏறித்தான் போய் வந்திருக்கிறது. இப்போது ரெமி அண்ணனைத் தாண்டி ஆழத்துக்கு இழுபட்டுவிட்டான். அண்ணன் நடுவில் இருக்கிறான். மூடி இருக்கிறான்.

திரும்பி வந்தபோது பிரகாசி முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி பண்ணிட்டாளாட்டி?"

"பழுது இல்லன்னுட்டா."

பிரகாசியின் கை நின்றது.

"எதுக்கு அக்கா குடம் குடுத்திய?" ஜெசிந்தா சத்தம் போடவில்லை. "ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். வெயில்ல குடையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேனே. பக்கத்துல நீங்களும் உக்காந்திருந்தியளே."

"வேற என்ன செய்யச் சொல்லுத?" பிரகாசி நிமிரவில்லை. "ஒங்கிட்டச் சொன்னா நீயும் மூடுவ. பொறவு எனக்கு ஆரு இருக்கா? அவிய நெஞ்சுவலிக்காரர். கடல்ல இருக்காவளா இல்லையான்னு ஒரு வார்த்த கேக்காம எனக்குச் சோறு எறங்காது."

"எனக்கு எறங்குமா?"

"இப்பிடி ஆவும்னு நான் கண்டனா?"

"பெரியத்தானைக் கூப்பிட்டுத் தெறக்கச் சொல்லுங்க."

"அவியளுக்கும் போவலட்டி. நெசமாத்தான் சொல்லுதேன். நேத்துக் கருக்கல்லேருந்து போவல."

நேற்றுப் பொழுது சாய்ந்த கருக்கலில்தான் ரெமி விலகிப் போயிருக்க வேண்டும். பாலம் நகர்ந்துவிட்டால் அந்தக் கரைக்காரனும் இந்தக் கரைக்காரனும் ஒன்றுதான். பிரகாசிக்கு அது அப்போதுதான் புரிந்தது போலிருந்தது. கருவாட்டைத் தரையில் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். ஜெசிந்தா அவளைத் தேற்றவில்லை. கோயில் முற்றத்துக்குப் போனாள்.

அங்கே ஆண்கள் கூடித்தான் இருந்தார்கள். கம்பெனிக்கு மனு எழுதுவதா, கலெக்டருக்கு எழுதுவதா என்று பேச்சு. அப்டேட்தான் காரணம் என்று ராயப்பன் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் ஷீபா கடையிலேருந்து வாரேன்" என்றாள் ஜெசிந்தா.

அவ்வளவுதான் சொன்னாள். கூட்டத்தில் பேச்சு நின்றுபோனது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க எல்லோரும் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்த்து ஜெசிந்தாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. ஒவ்வொருவனும் தான் ஒருவன்தான் மூடியிருக்கிறோம், மிஞ்சிப்போனால் இன்னும் இரண்டு பேர் என்று நினைத்திருக்கிறான். மற்றவர்கள் பேசிய உறை, உப்பு, அப்டேட் எல்லாம் நிஜம் என்று நம்பியிருக்கிறான். தான் சொன்னது மட்டும்தான் பொய் என்று.

"எல்லாரும் தெறங்க. தெறந்துக்கிட்டே வரிசையாப் போங்க. அவிய போன் எங்கன இருந்தாலும் ஏதாவது ஒண்ணுல வந்து தட்டும்."

"தெறந்தா எல்லார் பாரும் எல்லாருக்கும் தெரிஞ்சு போவுமேம்மா" என்றார் ராயப்பன். கெட்ட மனுஷர் இல்லை. நிஜமாகவே சங்கடப்பட்டார். "ஒரு நாளைக்குன்னு சொல்லுவ. பாத்த கண்ணு மறக்குமா?"

"எங்க வீட்டுக்கு எல்லாரும் வந்திய. அரிசி குடுத்திய, குடம் குடுத்திய, சிம்மை ஊதிக் குடுத்திய. ஒருத்தராவது நெசத்தைக் குடுத்தியளா?" ஜெசிந்தா ராயப்பனை விட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். "ஒங்க எல்லாரு பேச்சையும் அவிய சுமந்தாவ. பாட்டரி தீரத் தீரச் சுமந்தாவ. இந்த ஊர்ல மூடாத ஒரே ஆளு அவியதான். நல்ல மனுசன்னு அப்பிடியே விட்டுருவியளா?"

கிளாடிஸ் முன்னால் வந்து, ராயப்பன் சட்டைப் பையில் கையை விட்டுப் போனை எடுத்தாள்.

"எங்கன அமுக்கணும்? ஒங்களுக்குத்தான் தெரியுமே, சொல்லுங்க."

"ஏட்டி, சபையில..."

"சபையிலதான் கேக்கேன்."

ராயப்பன் திறந்தார். பிறகு ஒவ்வொருவராகத் திறந்தார்கள். ஆனால் ஒன்று, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுதான் திறந்தார்கள்.

மத்தியான வெயிலில் பன்னிரண்டு வள்ளங்கள் போயின. ஜெசிந்தா மாடியில் போனை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பச்சைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு போட்டமாதிரி வெளியே போயின. இஞ்ஞாசியின் வள்ளம் எதிர்ப்பட்டதாக ராயப்பன் போனில் சொன்னார். தம்பியைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, இந்தப் பக்கம் ஒரு வள்ளமும் வரவில்லை என்றானாம். இஞ்ஞாசியும் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு அவர்களோடு தேடப் போனான். பிரகாசி அன்று முழுக்க மாடிக்கு வரவில்லை.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ரெமி கிடைத்தான். அணைத்து வைத்திருந்த போனைக் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று போட்டானாம். திரை முழுக்கப் பச்சைப் புள்ளி. "பெருநாளுக்குச் சீரியல் லைட் போட்ட கணக்கா இருந்துச்சு" என்று ததேயு கரையில் எல்லோரிடமும் சொன்னான். சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதான். வாங்கிக் கொடுத்த இளநீரைக் குடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டான்.

ரெமி அழவில்லை. அண்ணன் வந்து தோளைப் பிடித்தபோது பேசாமல் நின்றான். அவ்வளவு தாகம், அவ்வளவு வெயில், பேச்சு வரவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கஞ்சி குடித்துப் படுத்து எழுந்த பிறகுதான் ஜெசிந்தாவிடம் சொன்னான்.

"போன் இல்லாட்டியும் வந்திருப்பேன் ஜெசி. அண்ணன் வெளக்கு எனக்குத் தெரிஞ்சுது."

"எப்பம்?"

"எஞ்சின் நின்ன அன்னைக்குக் கருக்கல்ல. நின்னு கொஞ்ச நேரந்தான். இந்தா இருக்க கோயிலு தூரம் இருக்கும். நான் டார்ச்சைப் போட்டு ஆட்டுனேன். ததேயு சட்டையக் கழத்தி வீசுனான். பாத்தாரு. பாத்துட்டு வெளக்கை அணைச்சாரு. எஞ்சின் சத்தம் கேட்டுச்சு. தள்ளிப் போயிட்டாரு."

ஜெசிந்தா கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

"நல்ல பாருல நிக்கும்போது பக்கத்துல டார்ச் தெரிஞ்சா, எவனோ நம்ம எடத்தை நோட்டம் பாக்க வாரான்னுதான் தோணும். அணைச்சிட்டு நகந்துருவோம். எல்லாரும் செய்யுததுதான்." அவன் காலிக் கஞ்சிக் கிண்ணத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் அணைச்சிருக்கேன். போன வருசம் அண்ணன் டார்ச்சுன்னு தெரிஞ்சே அணைச்சேன். அன்னைக்கு அவருக்கு ஒண்ணும் இல்ல, சும்மாத்தான் வந்தாரு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஒங்க டார்ச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"என் டார்ச்சு மஞ்சளா எரியும். ஊர்ல வேற ஆருக்கும் கெடையாது."

அவள் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு ஜெசிந்தா, அவனைத் தேற்றுவதாக நினைத்து, "அவிய அவிய புத்தி. நீங்க மட்டும் மூடலியே. அதைக் கோயில் முற்றத்துல வச்சு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்" என்றாள்.

ரெமி அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"மூடலாம்னு எனக்கு ஆரு சொன்னா? தெரிஞ்சிருந்தா எப்பவோ மூடியிருப்பேன்."

அவள் கட்டிய கோபுரம் அந்த இடத்தில் சரிந்தது. அவன் மேல் கோபம் வரவில்லை. ஆனால் ஊரை நிறுத்தி வைத்து அவள் கேட்ட கேள்விக்கு இனிமேல் அவளிடமே பலம் இல்லை என்று தெரிந்தது.

ஒரு வாரம் ஊர் போன்கள் திறந்திருந்தன. பிறகு ஒருவன் பாரில் இன்னொருவன் வலை விரித்தான் என்று கைகலப்பு. ஒருவன் மூடினான். அவனைப் பார்த்து இரண்டு பேர். யாரும் சொல்லவில்லை, ஆனால் குரல்கள் அறுந்து அறுந்து போவதில் தெரிந்தது. ஏலக்கொட்டகையில் லூர்தம்மாள், இது பௌர்ணமிக் காற்றின் வேலை என்றாள்.

ரெமி எஞ்சினைச் சரி பார்த்துத் தங்கலுக்குக் கிளம்பும் விடியலில் போனை ஜெசிந்தாவிடம் நீட்டினான்.

"ஷீபா சொல்லிக் குடுத்தாளா?"

"செஞ்சு காட்டுனா."

"அப்பம் செய்யி."

"நீங்க எங்கன இருக்கியன்னு எனக்கும் தெரியாமப் போவுமே."

"நடுவுல ஒருத்தன் தெறந்தா தெரியும். நாம மட்டும் தெறந்து வச்சிருந்து என்ன கண்டோம்?"

அவள் அவன் போனை மூடினாள். வழிவிடும் ஒரே நம்பராகத் தன் நம்பரைப் போட்டாள். நடுவில் சுமக்க ஆள் இல்லாமல் அது போகாது என்று தெரிந்துதான் போட்டாள். அவன் வள்ளம் போன பிறகு தன் போனையும் எடுத்து மூடினாள். கொஞ்ச நேரத்தில் அது ஆறிக் குளிர்ந்தது. இரண்டு வருஷத்தில் அந்தப் போன் கையில் குளிர்ந்து இருந்தது அன்றுதான்.

இஞ்ஞாசி முதல்நாளே கடலுக்குப் போயிருந்தான். வெயில் ஏறியதும் பிரகாசி தன் போனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் பக்கம் அவள் வந்ததில்லை. ஜெசிந்தா வாசல்படியில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, சிக்னலே இல்ல. விடியக்காலம் பேசிட்டிருக்கும்போதே போயிட்டு. என்னமோ மூச்சு வாங்குதுன்னு சொல்ல வந்தாவ. ஒனக்கு இருக்கா?"

"இல்ல அக்கா."

"காத்து மாறினதாலயோ என்னமோ. இல்ல இந்தப் போன்லதான் ஏதும்..."

"போன்ல ஒண்ணும் இல்ல அக்கா. நாங்க மூடிட்டோம்."

வேம்படித்துறையில் சிக்னலைப் பற்றி ஒருவர் இன்னொருவரிடம் பிடிபடாமல் தானாகச் சொன்ன முதல் உண்மை அதுதான். பிரகாசி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சண்டை போட அவளிடம் ஒன்றும் இல்லை.

"அப்பம் ரெமி எங்கன இருக்கான்னு ஒனக்கும் தெரியாதே" என்றாள் கடைசியில்.

"தெரியாது."

"ஒன் போனை மட்டுமாவது தெறந்தா?"

"அங்கன அவிய தெறக்கணுமே. அவிய வரட்டும். கேட்டுப் பாக்கேன்."

"கேப்பியாட்டி?"

ஜெசிந்தா உரித்த உள்ளியைச் சுளகில் போட்டாள். உள்ளிச் சுளகை மடியிலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்தாள். படியில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். பிரகாசி உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஜெசிந்தாவின் போன் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.